கோளாறு வீட்டிலா, கம்பத்திலா?

மாதம் பிறந்தால் 500 ரூபாய் கட்டு! அதன் மேல் 18 சதவீதம் வரி கட்டு! தவணை தப்பினால் இணைப்பு நிற்கும்! இந்தக் கணக்கில் பிராட்பேண்ட் கம்பெனிகள் ஒரு நாள் கூடப் பிசகுவதில்லை. ஆனால் பணம் கட்டிய மாதத்தில் எத்தனை நாள் நெட் ஒழுங்காக வேலை செய்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

மில் தொழிலாளர்கள் வசிக்கும் லைன் வீடுகளிலும் விவசாயத் தொழிலாளர்களின் தெருக்களிலும் இன்று சர்வ சாதாரணமாகக் கேட்கும் புகார் இது. காலையில் ஓடும் நெட், இரவு எட்டு மணிக்கு ஓடுவதில்லை. ஒரு மழை பெய்தால் போய்விடுகிறது. அடுப்படியில் கிடைப்பது திண்ணையில் கிடைப்பதில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் முதலில் பத்து நிமிஷம் சங்கீதம் கேட்க வேண்டும். பிறகு ஒரு குரல், “பெட்டியை அணைத்துப் போடுங்கள்” என்கிறது. மறுநாள் இன்னொரு குரல், “எங்கள் லைன் சரியாக இருக்கிறது, உங்கள் வீட்டு வைஃபைதான் மோசம், புதுப் பெட்டி வாங்குங்கள்” என்கிறது. 2 ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிப் பெட்டி மாற்றியவர்கள் உண்டு. மாற்றிய பிறகும் அதே கதைதான்!

நெட் என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று இன்னமும் சிலர் பேசுகிறார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் போடுவது அதில். பிராவிடண்ட் பண்டுப் பணத்துக்கு மனுச் செய்வது அதில். தேர்வாணையப் பரீட்சைக்கு அனுமதிச் சீட்டு எடுப்பது அதில். 2020ல் கொரோனாவினால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடமே அதன் வழியாகத்தான் நடந்தது. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணைய வசதி பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இரவு இணைப்பு அறுந்தால், ஒரு பிள்ளையின் ஒரு வருஷம் போகிறது. விஷயம் இவ்வளவு பெரியது.

ஆகவே கேள்வி இது: கோளாறு எங்கே இருக்கிறது? நம் வீட்டிலா, வெளியே கம்பத்திலா? கம்பெனிக்காரர் “உங்கள் வீட்டில்” என்கிறார். நாம் “உங்கள் லைனில்” என்கிறோம். வெறும் வாய்ச்சண்டையில் ஜெயிக்கிறவர் எப்போதும் கம்பெனிக்காரர்தான். ஆனால் இதைச் சோதித்துப் பார்த்துச் சொல்ல முடியும். அதற்கு இஞ்சினீயர் படிப்பு வேண்டியதில்லை. சில வேளை கோளாறு நம் வீட்டிலேயே இருக்கும்; அப்போது அதைக் காசு செலவில்லாமல் நாமே தீர்க்கலாம். வெளியே இருந்தால், ருசுவோடு கேட்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் ஆத்திரப்படுவதில் லாபமில்லை.

ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் தோழருக்கு இதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டுமா? ஒரே ஒரு கதிரில் நூல் அறுந்துகொண்டிருந்தால் அந்தக் கதிரைப் பார்க்கிறார். வரிசை முழுவதும் அறுந்தால் கதிரைக் குற்றம் சொல்லமாட்டார். பின்னால் வரும் பஞ்சையும் காற்றின் ஈரத்தையும் கேள்வி கேட்பார். வயலில் வேலை செய்யும் தோழருக்கும் அப்படியே. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால், வரப்பில் நண்டு வளை இருக்கிறதா, வாய்க்கால் அடைத்திருக்கிறதா, மதகே திறக்கவில்லையா என்று படிப்படியாகப் பார்த்துக்கொண்டே மேலே நடக்கிறார். பிராட்பேண்டுக்கும் அதே வழிதான்.

நெட் வரும் வாய்க்கால்

முதலில் வாய்க்காலைத் தெரிந்துகொள்வோம். கம்பெனியின் ஊர் நிலையத்திலிருந்து ஒரு கண்ணாடி இழை புறப்படுகிறது. ஃபைபர் என்பது இதுதான். அதன் மொத்தம் 125 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே ஒளி ஓடும் பாதை 9 மைக்ரான் மட்டுமே. தெருக் கம்பத்தில் உள்ள ஒரு சிறு டப்பாவில் அந்த ஒளி பல கிளைகளாகப் பிரிகிறது. பொதுவாக ஓர் இழையை 32 வீடுகளோ 64 வீடுகளோ பங்கிட்டுக்கொள்கின்றன. கிளை இழை நம் சுவர் ஏறி வந்து பெட்டியில் சேருகிறது. பெட்டி அந்த ஒளியை வைஃபை அலையாக மாற்றி வீட்டுக்குள் பரப்புகிறது. கடைசியில் அது போனுக்கு வருகிறது.

நிலையம், இழை, கம்பத்து டப்பா, சுவர்க் கம்பி, பெட்டி, வைஃபை, போன். கோளாறு இந்த ஏழு இடங்களுக்குள் ஏதாவது ஒன்றில் இருக்கிறது. போனிலிருந்து ஆரம்பித்து மேலே நடப்போம்.

ஒரு போனா, எல்லாப் போனுமா?

நெட் நின்றதும் வீட்டில் உள்ள இன்னொரு போனை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வரவில்லை, மற்றதில் வருகிறது என்றால் குற்றம் அந்தப் போனில். அதை அணைத்துப் போடுங்கள். வைஃபை பெயரை நீக்கிவிட்டு மறுபடி பாஸ்வேர்டு கொடுத்துச் சேருங்கள். அநேகமாகச் சரியாகிவிடும். எல்லாப் போனிலும் வரவில்லை என்றால் பெட்டியிடம் போக வேண்டும்.

பெட்டியில் உள்ள விளக்குகள் நமக்குச் சேதி சொல்கின்றன. ‘எல்.ஓ.எஸ்.’ என்று எழுதிய விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது பெட்டியை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பிரயோஜனமில்லை! வீட்டுக்குள் வரும் கம்பியை மட்டும் பாருங்கள். எலி கடித்திருக்கிறதா? பீரோவுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா? யாராவது அதன் மேல் துணி காயப்போட்டார்களா? கண்ணாடி இழையைச் சுண்டுவிரல் மொத்தத்துக்கு மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். அகலமான வளையமாகத்தான் சுற்றி வைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: கம்பியைக் கழற்றி அதன் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும். கம்பத்திலும் யாரும் ஏற வேண்டாம்.

‘பான்’ என்ற விளக்கு பச்சையாக அசையாமல் எரிகிறது, ஆனால் ‘இன்டர்நெட்’ விளக்கு எரியவில்லை என்றால், ஒளி வருகிறது, கணக்குத்தான் திறக்கவில்லை. பணம் பாக்கியா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பெனி தன் பக்கத்தில் சரிசெய்ய வேண்டிய விஷயம் அது.

எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தும் நெட் இல்லை என்றால், பெட்டியை அணைத்து அரை நிமிஷம் கழித்துப் போட்டு, மூன்று நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். அடிக்கடி தானே அணைந்து எழுகிறதா? சுவரில் சொருகும் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். அது தளர்ந்திருக்கலாம், பழுதாகியிருக்கலாம். மாற்றினால், பழையதன் மேல் எழுதியுள்ள அதே வோல்ட் உள்ளதாகவும், ஆம்பியர் அதற்குக் குறையாததாகவும் வாங்க வேண்டும். பெட்டியின் முதுகில் ஊசித் துளை அளவில் ‘ரீசெட்’ என்று ஒன்று இருக்கும். அதை மட்டும் குத்தாதீர்கள்! கம்பெனி பதிந்து வைத்த விவரங்கள் எல்லாம் அழிந்துபோகும். பிறகு ஆள் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கம்பிச் சோதனை

விளக்குகள் எரிகின்றன, நெட்டும் வருகிறது, ஆனால் விட்டுவிட்டு வருகிறது. இதுதான் பெரிய தலைவலி. கம்பெனிக்காரர் நழுவுவதும் இந்த இடத்தில்தான். இங்கே ஒரு சோதனை எல்லாச் சண்டையையும் தீர்க்கும்.

ஒரு லேப்டாப்பை இரவல் வாங்குங்கள். பள்ளியில், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள ஏதாவதொரு வீட்டில் கிடைக்கும். பெட்டியிலிருந்து ‘லேன்’ கம்பியால் அதை நேரே இணையுங்கள். வைஃபையை அணைத்து விடுங்கள். இப்போது நெட்டின் வேகத்தைச் சோதியுங்கள். கம்பியில் நன்றாக ஓடுகிறது, வைஃபையில் தடுமாறுகிறது என்றால் கோளாறு வீட்டுக்குள். கம்பியிலும் தடுமாறினால் பெட்டியோ அதற்கு அப்பால் உள்ள லைனோதான் குற்றவாளி. வைஃபையைக் குறை சொல்ல இனி யாருக்கும் வாயில்லை.

அது பெட்டியா, லைனா என்றும் பிரித்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைக்கு ‘பிங்’ என்ற கட்டளை தெரிந்திருக்கும். அது ஒரு சிறு சேதியை அனுப்பி, திரும்பி வர எத்தனை நேரம் ஆகிறது, எத்தனை சேதி வழியில் தொலைகிறது என்று கணக்குச் சொல்லும். முதலில் பெட்டிக்கே அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான பெட்டிகளின் விலாசம் 192.168.1.1. பிறகு வெளியே 8.8.8.8 என்ற விலாசத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் நூறு சேதி. பெட்டிக்குப் போனது நூறும் திரும்பி, வெளியே போனதில் பத்து தொலைந்தால், கோளாறு வாசலுக்கு வெளியே. பெட்டிக்கு அனுப்பியதே தொலைந்தால், லேன் கம்பியையோ பெட்டியையோ மாற்றிப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள்தான் கோளாறு என்று தெரிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பீரோவுக்குப் பின்னால், டிவிக்கு அடியில், தரையில் வைத்திருந்தால் எடுத்து உயரத்தில், வீட்டின் நடுவில் வையுங்கள். இரும்பும் கனத்த சுவரும் வைஃபைக்குப் பகை. பெரும்பாலான பெட்டிகள் இரண்டு அலைகளில் பேசுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அங்கே நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் தாண்டினால் சோர்ந்துபோகும். பெட்டி உள்ள அறையில் 5ஐயும் தூரத்தில் 2.4ஐயும் உபயோகியுங்கள்.

லைன் வீடுகளில் பத்து வீட்டில் பத்துப் பெட்டிகள் இருந்தால் என்ன நடக்கும்? ஒரே கூடத்தில் பத்துப் பேர் ஒரே சமயம் கத்தினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்து வீட்டாரோடு பேசி, நீங்கள் 1, அவர்கள் 6, அடுத்தவர் 11 என்று பகிர்ந்து வைத்துக்கொள்ளலாம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமா?

எந்தச் சோதனை செய்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெட்டியை நகர்த்தி, சானலை மாற்றி, அடாப்டரையும் மாற்றினால், எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது.

“100 வரை” என்ற சூது

விளம்பரத்தில் “100” என்று பெரிதாகவும் “வரை” என்று பொடியாகவும் அச்சடிக்கிறார்கள். 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். இது தெரியாமல், டவுன்லோடு 12 என்று காட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. அது ஏமாற்று அல்ல. ஏமாற்று வேறிடத்தில் நடக்கிறது.

இங்கே பரவலாக உபயோகத்தில் உள்ள ‘ஜிபான்’ முறையில், ஓர் இழையில் கீழே இறங்கும் மொத்த வேகம் நொடிக்கு 2,488 மெகாபிட். அதை 64 வீடுகளுக்குத் தலா 100 என்று விற்றால் மொத்தம் 6,400! எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை என்பதால் பங்கு போடுவதே தவறென்று நாம் சொல்லவில்லை. சரிசமமாகப் பிரித்தால்கூட வீட்டுக்குச் சுமார் 39 கிடைக்கும்; சினிமா பார்க்கவும் பாடம் கேட்கவும் அது தாராளம். ஆனால் ஊர் நிலையத்துக்கு வரும் தலைவாய்க்காலை அகலப்படுத்தாமல், வீடுகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால்? இரவில் கடைமடை காயத்தான் செய்யும்.

இதையும் ருசுப்படுத்தலாம். கம்பியில் இணைத்து, காலை 6 மணிக்கு ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை வேகத்தை அளந்து எழுதுங்கள். காலையில் 80, இரவில் 3 என்று ஒரு வாரம் தொடர்ந்து வந்தால் உங்கள் பெட்டியில் குற்றமில்லை. பெட்டிக்குப் பகலும் இரவும் ஒன்றுதான்! பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கிலோபிட் என்று 2004ல் சர்க்கார் வரையறுத்தது. 2023 ஜனவரியில் அது 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. அதற்கும் கீழே இறங்கினால், பிராட்பேண்ட் என்ற பெயருக்கே அந்த இணைப்பு லாயக்கில்லை.

பத்து வீடு சேர்ந்தால்

இதுவரை சொன்னது ஒரு வீட்டுக்காரர் தனியாகச் செய்யக்கூடியது. ஆனால் கம்பத்தில் உள்ள கோளாறைத் தனி வீட்டிலிருந்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. நெட் நின்றதும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கே இருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால், குற்றம் உங்கள் கிளைக் கம்பியிலோ பெட்டியிலோ இருக்கும். ஒரே கம்பத்திலிருந்து கம்பி வாங்கிய எட்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டினால்? கம்பத்து டப்பா அல்லது அதற்கு மேல் உள்ள இழைதான் குற்றவாளி. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். நாலு வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

கம்பெனியோ ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக, “உங்களுக்கு மட்டும்தான் புகார், மற்றவர்களுக்கு நன்றாக இருக்கிறது” என்று சொல்கிறது. எட்டு வீட்டுக்கும் அதே வாசகம்! எட்டுப் பேரும் ஒரே நோட்டில் தேதி, மணி, விளக்கின் நிறம், கம்பியில் அளந்த வேகம், புகார் எண் இத்தனையையும் எழுதி, ஒரே நாளில் எட்டுப் புகார் கொடுத்தால் அந்த வாசகம் செல்லாது.

புகார் கொடுக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். ‘டிராய்’ எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ம் வருஷத்து விதிகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் கம்பெனி ஓர் எண் தர வேண்டும். எண் வாங்காத புகார், புகாரே அல்ல. குறித்த காலத்தில் தீராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு மனுச் செய்யலாம். கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் அமுலுக்கு வந்த விதிகளின்படி, கம்பி வழி இணைப்பில் பழுதை நீக்க 3 நாளுக்கு மேல் ஆனால், அதற்குரிய வாடகையைக் கழித்துக் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குகிறவர் எத்தனை பேர்?

அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டெலிபோன் வழக்குகளை நுகர்வோர் கோர்ட்டில் எடுக்க முடியாது என்று கம்பெனிகள் நெடுங்காலம் வாதாடி வந்தன. 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. கோர்ட்டில் பேசப்போவது உங்கள் நோட்டுப் புத்தகம்தான்.

வருகிறவர் நம் ஆள்

ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. நான்கு நாள் கழித்து ஏணியோடு வந்து நிற்கும் தொழிலாளியின் மீது நம் கோபத்தைக் காட்டக் கூடாது. பெரும்பாலும் அவர் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறவர். ஒரு பகுதி முழுவதற்கும் ஒருவராக ஓடுகிறவர். 2020 ஜனவரி 31 அன்று பொதுத்துறை டெலிபோன் கம்பெனியிலிருந்து மட்டும் 78 ஆயிரத்துக்கும் அதிகமான ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். ஒவ்வொரு கம்பத்தையும் பெயர் சொல்லி அறிந்திருந்த அனுபவசாலிகள் ஒரே நாளில் போனார்கள். லைன் கிடக்கிறது, பார்க்க ஆள் குறைந்துவிட்டது. தாமதத்துக்கு ஏணியைத் தூக்கி வருகிறவர் எப்படிப் பொறுப்பாவார்?

அவரிடம் நோட்டைக் காட்டுங்கள். வெளியில்தான் கோளாறு என்று நீங்கள் ருசுவோடு சொன்னால் அவருடைய வேலையும் பாதியாகக் குறைகிறது. பெட்டிக்கு வந்து சேரும் ஒளியை அளந்து சொல்லும்படி கேளுங்கள். ஜிபான் பெட்டிகளுக்குப் பொதுவாக அது மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 27ஐ நெருங்க நெருங்க ஒளி மங்குகிறது என்று பொருள். அந்த எண்ணையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அது இறங்கியிருந்தால், எங்கோ இணைப்பு கெட்டு வருகிறது என்று அறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பழுது பார்க்கப் போதிய ஆட்களை நியமிக்க வேண்டும். 3 நாள் தாண்டினால் கழிவை, கேட்காமலே பில்லில் கழிக்க வேண்டும். இரவு வேளையில் குறைந்தபட்சம் என்ன வேகம் தருகிறார்கள் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் ஊர் வாரியாக அச்சிட்டு ஒட்ட வேண்டும். இவை நியாயமான கோரிக்கைகள். இவற்றை மேலிடத்துக்கு எடுத்துச் செல்லும் நாளில் நம் கையில் என்ன இருக்கும்? ஒவ்வொரு தெருவிலிருந்தும் தேதியும் மணியும் எண்ணும் எழுதிய நோட்டுகள் இருக்க வேண்டும்.

40 பக்க நோட்டு ஒன்று போதும். அடுத்த முறை நெட் அறுந்தவுடன் முதலில் விளக்கைப் பாருங்கள், மணியைக் குறியுங்கள், பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கம்பெனிக்குப் போன் செய்வது அதற்கு அப்புறம்!